புதுப்பிப்பு: 1985 வோல்னே பாட்டிலைத் திறந்தாயிற்று

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வோல்னே என்ற ஊரின் இந்தப் பழைய சிவப்பு வைனை முன்கூட்டியே திறந்து காற்றாட விடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்கள் சொன்னதுதான் சரி.

அதே பகுதியின் டிஜோன் நகரில் நண்பர் வீட்டில் நேற்றிரவு திறந்தோம். இரண்டு நாள் நிமிர்த்தி வைத்ததால் வண்டல் அடியில் தங்கிவிட்டது. கார்க் மட்டும் பாதியில் உடைந்தது. நிறம் செங்கல் சிவப்பு. முதல் பத்து நிமிடம் பழைய அலமாரி வாடைதான். ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். அப்புறம் வந்தது பாருங்கள்: காளான், மழையில் நனைந்த சருகு, காய்ந்த ரோஜா, அடியில் மெல்லிய செர்ரிப் புளிப்பு. இந்த வைனுக்கான பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது, அதனால் துவர்ப்பு முதலிலிருந்தே குறைவு. இத்தனை வருடத்தில் அதுவும் குழைந்துவிட்டது.

முக்கால் மணி நேரத்தில் மணம் மங்கத் தொடங்கியது. முன்பே குடுவையில் ஊற்றிக் காற்றாட விட்டிருந்தால் அந்த உச்சத்தைத் தவறவிட்டிருப்போம். கடைசி வாய் வண்டலோடு கசந்தது, அதையும் விடவில்லை.