கேம் நியூட்டன் விவகாரம்: விவரம் தெரிந்தவர்கள் வேண்டும்

மும்பைத் தமிழ் நண்பர்களே, சயானில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஞாயிறன்று இதைப் பற்றி விவாதிக்கிறார்கள். 2017-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கேம் நியூட்டன், ஆட்ட நுணுக்கம் கேட்ட பெண் நிருபரிடம், பெண் இதைப் பேசுவது வேடிக்கை என்று சிரித்தார். தப்புதான், சந்தேகமே இல்லை. டானன் தயிர் நிறுவனம் அவரைக் கைவிட்டது. அவரும் மன்னிப்புக் கேட்டார். இதற்கிடையே அந்த நிருபரின் பழைய இனவெறிப் பதிவுகள் வெளிவந்து, அவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று!

அதே ஆண்டு, ஆண்கள் பிரிவில் ஆடினால் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 700-வது இடம்தான் என்று சொன்ன வெள்ளையர், முன்னாள் டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ மன்னிப்புக் கேட்க மறுத்தார். கறுப்பர் என்பதால்தான் நியூட்டனுக்கு அடி பலமா? ஆனால் பெண்கள் டென்னிஸை மட்டம்தட்டிய இன்னொரு வெள்ளையர், அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் டென்னிஸ் போட்டியின் தலைமை நிர்வாகி ரேமண்ட் மூர், 2016-இல் பதவியே விட்டார். இங்கேதான் பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்கள். விளம்பர ஒப்பந்தங்கள் பற்றித் தெரிந்தவர் யாராவது ஒரு மணி நேரம் வந்து பேச முடியுமா? நல்ல கட்டுரை இருந்தாலும் அனுப்புங்கள்.