பொருள்: டகாலோக் வினைக்குள் புகும் ஒட்டு: இடைநிலையா, உள்ளொட்டா?

அனைவருக்கும் வணக்கம்.

பிலிப்பைன்ஸ் மொழியான டகாலோக்கின் தொடக்கப் பாடத்துக்கான சொற்பட்டியலில் முன்னொட்டு, பின்னொட்டு, வேர்ச்சொல் மூன்றிலும் யாருக்கும் மறுப்பில்லை. வேருக்குள்ளேயே புகுந்துகொள்ளும் ஒட்டுக்குத்தான் இடைநிலை, நடுவொட்டு, உள்ளொட்டு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் உள்ளொட்டு பக்கம். முதல் பாடத்திலேயே வரப்போகிற சொல் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> நன்னூலிலேயே இடைநிலை இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அது ஏற்கெனவே இருப்பதுதான் ஐயா சிக்கல். 'செய்தான்' என்பதில் 'த்' பகுதிக்கும் விகுதிக்கும் இடையில் நிற்கிறது. பகுதியான 'செய்' உடையவில்லை. டகாலோக்கில் உடைவதே பகுதிதான். 'சுலத்' என்றால் எழுது. அதோடு 'உம்' சேர்ந்தால் 'சுமுலத்': எழுதினேன், எழுதினார் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வடிவம். 'உம்' எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ச் + உம் + உலத். மெய்யையும் உயிரையும் பிரித்து அவற்றுக்கு நடுவே புகுந்திருக்கிறது. 'பிலி' (வாங்கு) என்பதும் இப்படித்தான்: ப் + உம் + இலி, புமிலி. 'இன்' என்ற இன்னொரு ஒட்டும் இதே இடத்தில்தான் வரும்: ப் + இன் + இலி, பினிலி. புமிலி வாங்கியவரை முன்னிறுத்தும், பினிலி வாங்கிய பொருளை முன்னிறுத்தும்.

தமிழில் எழுதும்போது 'சு' ஒரே எழுத்தாகத் தெரிவதால் இந்தப் பிளவு கண்ணில் படாது. முதல் சில எடுத்துக்காட்டுகளையாவது மெய் வேறு உயிர் வேறாகப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். மெய்மேல் உயிர் ஏறும் என்று பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 'சும்' + 'உலத்' எப்படிச் 'சுமுலத்' ஆனது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. டகாலோக் கற்கும் தமிழருக்கு இது பெரிய வசதி, அதை நாம் பயன்படுத்திக்கொள்ளாமல் விடக்கூடாது.

இடைநிலை என்று சொன்னால் இன்னொரு தவறான எதிர்பார்ப்பும் வரும். நம் இடைநிலை காலம் காட்டும். 'உம்' என்பதை மட்டும் நம்பிக் காலம் சொல்லிவிட முடியாது. 'சுமுலத் கா' என்றால் 'நீ எழுதினாய்' என்றும் கொள்ளலாம், 'நீ எழுது' என்று ஏவலாகவும் கொள்ளலாம். இனி எழுதப்போவதைச் சொல்லும் 'சுசுலத்'தில் 'உம்' கிடையவே கிடையாது.

> பிலிப்பினோ இலக்கணத்திலேயே 'கித்லாபி' என்கிறார்கள். 'கித்னா' என்றால் நடு. நாமும் நடுவொட்டு என்றே வைக்கலாமே?

இது நல்ல வாதம். ஒட்டு என்று பொருள்படும் 'லாபி' என்ற சொல்லோடு முதல், நடு, கடைசி என்பதைக் குறிக்கும் தங்கள் சொற்களையே சேர்த்து உன்லாபி, கித்லாபி, ஹுலாபி என்று அவர்கள் அமைத்துக்கொண்ட அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் 'நடு' என்றதும் கற்பவர் சொல்லின் மையத்தைத் தேடுவார். இந்த ஒட்டு எப்போதும் முதல் மெய்யை ஒட்டியே வரும், சொல் எவ்வளவு நீளமானாலும் சரி. 'உள்' என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. முன், பின், உள் என்று வரிசையும் பொருந்துகிறது.

'அலிஸ்' (கிளம்பு) என்பது 'உமலிஸ்' ஆகிறதே, அங்கே அது முன்னொட்டு அல்லவா என்று கேட்டிருந்தார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் உயிரில் தொடங்குவதாக எழுதப்படும் டகாலோக் சொல்லை ஒலிக்கும்போது தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு வரும். அது அங்கே ஒரு மெய், எழுத்தில்தான் காட்டுவதில்லை. 'உம்' அதற்கும் பின்னால்தான் வருகிறது. ஆகவே உமலிஸிலும் அது உள்ளொட்டே. பாடத்தில் இதை ஒரு பெட்டிக்குள் போட்டால் போதும்.

அப்புறம், மூன்று வடிவங்களுக்கும் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று பெயரிட வேண்டாம். 'சுமுசுலத்' என்பது 'எழுதுகிறார்' மட்டுமில்லை, 'எழுதிக்கொண்டிருந்தார்' என்பதற்கும் அதேதான். வேலை முடிந்ததா, முடியவில்லையா, தொடங்கவே இல்லையா என்பதைத்தான் இந்த வடிவங்கள் சொல்கின்றன. முடிந்த நிலை (சுமுலத்), முடியாத நிலை (சுமுசுலத்), தொடங்காத நிலை (சுசுலத்) என்று வைக்கலாம். 'முற்றிய நிலை' என்றால் வினைமுற்றோடு மோதும், அதனால் தவிர்த்தேன். பின்னிரண்டு வடிவங்களிலும் வேரின் முதல் உயிர்மெய் இரட்டிக்கிறது. அதற்கு 'முதலெழுத்து இரட்டல்' என்றாலே எல்லாருக்கும் புரியும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சுமுலத், பினிலி, உமலிஸ் மூன்றையும் தாங்கள் விரும்பும் சொல்லை வைத்து ஒரு தொடக்க மாணவருக்கு விளக்குவதுபோல் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பட்டியலை முடிக்கலாம்.