கொழும்பில் கலை இயக்கத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா?

கீறல் (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. உள்ளக வடிவமைப்பில் டிப்ளோமா முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாக ஒரு சிறிய அலுவலகத்தில் குசினிகளுக்கும் அலுமாரிகளுக்கும் வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு விளம்பரப் படப்பிடிப்புக்கு எங்கள் அலுமாரி ஒன்றைக் கொண்டுபோய் இறக்கினோம். வெற்றுக் களஞ்சியம் ஒன்றுக்குள் காலையில் ஒரு வீட்டின் வரவேற்பறை எழுந்து நின்றதையும், இரவு அதே அறை கழற்றப்பட்டு லொறியில் ஏறியதையும் அன்று பார்த்தேன். அதன் பிறகு அலுவலக மேசையில் மனம் இருப்புக்கொள்ளவில்லை. அப்படிப் படப்பிடிப்புக்கான இடங்களை வடிவமைத்து எழுப்பும் கலை இயக்க வேலைக்கே போக விரும்புகிறேன்.

அம்மா இதை நிரந்தரமில்லாத வேலை என்கிறார். பட்டம் இல்லாமல் இத்துறைக்குள் நுழைய முடியுமா, என் அரைகுறைச் சிங்களம் தடையாகுமா, வருமானம் எப்படியிருக்கும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒட்டுப்பலகை (கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, 16 வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் உதவியாளனாகவே கழிந்தது. நீங்கள் அலுமாரிக்குக் கீறிய வரைபடத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். அழகாகப் படம் வரைபவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் மொரட்டுவையில் இருக்கும் தச்சு பாஸ் தொலைபேசியில் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையைத் தொடங்கக்கூடிய அளவுப்படத்தைக் கொடுப்பவர்கள் மிகச் சிலரே.

நீங்கள் புதிதாகப் பழக வேண்டியது வேறொன்று. வீட்டுக்குச் செய்யும் அலுமாரி இருபது வருடம் நிற்க வேண்டும்; செட்டில் நிற்பது இரண்டு நாள் நின்றால் போதும், கமராவுக்குத் தெரியாத பக்கம் வெறும் சட்டமாகவே இருக்கலாம். ஒட்டுப்பலகை எட்டடிக்கு நாலடியாக வருவதால், சுவரின் அகலத்தை நாலின் மடங்கில் வைத்தால் வெட்டுக்கூலியும் கழிவும் குறையும். பன்னிரண்டடி அறையென்றாலும் கமரா பின்வாங்கி நிற்க இடம் வேண்டும் என்பதால், ஒரு சுவராவது சில நிமிடங்களில் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நாலு பக்கமும் ஆணி அடித்துவிட்ட செட் ஒன்றில், ஒளிப்பதிவாளரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. தூய வெள்ளைத் துணி விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும் என்பதால், கட்டில் விரிப்பைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து எடுப்போம். சுவருக்குப் பெயின்ட் அடித்து முடிந்த பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகிறது: சுவிச்சைச் சுற்றிக் கைபட்ட கறுப்பு, கதவின் அடியில் கூட்டிக் கழுவிய தண்ணீர்க் கறை, படம் கழற்றிய இடத்தில் மங்காத சதுரம்.

சிங்களம் கட்டாயம் தேவை. தச்சர், லொறிச் சாரதி, விளக்குக்காரர் எல்லோரும் சிங்களத்திலேயே பேசுவார்கள். பயப்பட வேண்டாம், தளத்தில் நின்றால் சில மாதங்களில் தானாக வந்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். விளம்பரப் படம் நாட்கூலியில் நன்றாகத் தரும், ஆனால் மாதத்துக்கு எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாது. தொலைக்காட்சி நாடகம் குறைவாகத் தரும், ஆனால் நாட்கள் தொடரும். எக்காரணம் கொண்டும் முற்பணம் வாங்காமல் உங்கள் சொந்தக் காசில் பொருள் வாங்காதீர்கள். திரைச்சீலைத் துணிக்காகக் கெய்சர் வீதியில் நான் எண்ணிக் கொடுத்த பணத்தை ஒரு தயாரிப்பாளரிடமிருந்து திரும்பப் பெற எட்டு மாதம் அலைந்தேன். பற்றுச்சீட்டுகளின் பிரதி வைத்திருந்திராவிட்டால் அதுவும் கிடைத்திராது.

தாழ்வாரம்

மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். ஆனால் அவர் தொடாத ஒன்று உண்டு. கொழும்பில் தமிழ்க் கதைகளுக்கு வேலை செய்பவருக்கு, கீறுவதற்கு முன்னர் பொருட்களை அறிந்த கண் வேண்டும். நடுவில் முற்றம் வைத்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் காட்ட வேண்டிய இடத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்து வீட்டைக் கட்டி, மலையகத்துத் தோட்டத் தொழிலாளரின் லயன் காம்பராவில் நகரத்துக் குசினியை வைத்துவிட்டு, "தமிழ் வீடுதானே" என்று கடந்துபோகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இரவில் படிக்கும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சிமினியோடு லாந்தரை வைத்தால், மண்ணெண்ணெய் தாராளமாக எரிந்த வீடாகிவிடும். அன்று எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு: போத்தலின் அடியில் பஞ்சு, அதில் அளந்து ஊற்றிய சிறிது மண்ணெண்ணெய், போத்தலே சிமினி. வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிய வீடுகள் உண்டு. அந்தச் சைக்கிள் எங்கே, யார் மிதிக்கிறார்கள் என்பதை வைத்தே முற்றத்தின் அளவு தீர்மானமாகும். உரையாடல் சொல்லாததை அந்த அறை சொல்லும்.

வாகன இலக்கத் தகடும் அப்படித்தான். 1950களின் இறுதியில் வந்த சிங்கள "ஸ்ரீ" எழுத்து எவ்வளவு பெரிய பிரச்சினையைக் கிளப்பியது என்பது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். 1970களின் தெருக்காட்சியில் அக்காலத்துப் புதுக் கார் ஒன்று ஆங்கில எழுத்துத் தகட்டோடு ஓடினால், யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் அரங்கிலேயே சிரிப்பார். பழைய வீடுகளின் சுவரில் வட்டத் துளை மின் பிளக் பொயின்டுகள். இப்போது தரநிலையாக உள்ளதோ 13 அம்பியர் சதுர முள். இதெல்லாம் சின்ன விடயம் என்று சொல்பவரிடம் உதவியாளராகச் சேராதீர்கள்.

கல்லடிப் பாலம்

பட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில். தளத்தில் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் தமிழ்மொழியில் கட்புலக் கலை படிக்க விரும்பினால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் வடிவமைப்பும் ஆங்கிலத்தில் உள்ளன. "நாயகன்" (1987) படத்துக்காக மும்பையின் தாராவியைச் சென்னை ஸ்டூடியோவுக்குள் எழுப்பித் தேசிய விருது பெற்ற தோட்டா தரணி, ஓவியம் படித்துவிட்டு வந்தவர். பெரும்பாலானோர் ஏதாவது பக்கத்துத் துறையிலிருந்தே இங்கு வந்து சேர்கிறார்கள்.

வெளிநாட்டுப் படங்கள் வரும்போது கலைப்பிரிவில் ஆளெடுப்பார்கள் என்பதையும் கவனத்தில் வையுங்கள். தாய்லாந்தில் நடக்கும் கதையான "The Bridge on the River Kwai" படத்துக்குக் கித்துல்கலையில் பாலம் கட்டி 1957இல் வெடிவைத்துத் தகர்த்த காலத்திலிருந்தே, இந்தத் தீவு வேறு நாடுகளாக நடித்து வருகிறது.

கீறல் (வெள்ளவத்தை)

மூவருக்கும் நன்றி. ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். ஒரு மணித்தியாலம் பேசினார், வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக ஒரு கேள்வி. படப்பிடிப்பு அனுபவமே இல்லாத நான் யாரிடமாவது வேலை கேட்டுப் போகும்போது எதைக் காட்டுவது?

ஒட்டுப்பலகை (கொட்டாஞ்சேனை)

குசினிப் படங்களில் இரண்டு போதும், அளவு பிழைக்காது என்பதற்கு அவை சாட்சி. மிகுதிக்கு, அம்மா சொன்ன அந்த விளக்கு எரிந்த அறையையே எடுங்கள். ஒன்றுக்கு ஐம்பது அளவில் தரைப்படமும் நாலு சுவர்களின் முகப்புப்படமும் கீறி, கமரா எங்கே நிற்கும், எந்தச் சுவர் கழரும் என்று குறியுங்கள். பிறகு அதே அறையை 1985இலும் 1995இலும் எப்படி இருந்திருக்குமோ அப்படி இரண்டு தடவை பொருட்களால் நிரப்புங்கள், சுவரில் தொங்கும் கலண்டர் உட்பட. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, செய்விப்பதா என்று எழுதி, புறக்கோட்டையில் நடந்து திரிந்து இன்றைய விலையையும் கேட்டுப் போடுங்கள். ஆணிக்கும் பெயின்டுக்கும் பழைய சோனகத் தெரு, பழைய இரும்புக்குப் பஞ்சிகாவத்தை. கடைக்காரரோடு சிங்களத்திலேயே பேசுங்கள், அதுவும் பயிற்சிதான். முடிந்ததும் தனிமடலில் அனுப்புங்கள். அடுத்த மாதம் ஒரு மூன்று நாள் வேலைக்கு எனக்கு ஓர் உதவியாளர் தேவைப்படுகிறார்.