தோரோங் லா கணவாய்: மணாங் வரை ஜீப், பிறகு 3 நாள் நடை. இந்தத் திட்டம் சரிவருமா?

வழிப்போக்கன்84:
நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதை, அக்டோபர் நடுவில். நானும் மச்சானும். லீவு குறைவு என்பதால் இப்படிப் போட்டிருக்கிறோம்: முதல் நாள் காத்மாண்டு – பேசிசஹர். 2ஆம் நாள் ஜீப்பில் நேராக மணாங். 3ஆம் நாள் யாக் கர்க்கா. 4ஆம் நாள் ஹை கேம்ப். 5ஆம் நாள் கணவாய் ஏறி முக்திநாத்தில் இறக்கம். எனக்கு 36, வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறேன், வாரம் 30 கி.மீ. ஓட்டம் உண்டு. மச்சானுக்கு 49, பிரஷருக்கு மாத்திரை போடுகிறார். முதல் நாளிலிருந்தே உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போட்டுவிட்டால் சமாளிக்கலாமா? ஹை கேம்பில் தங்குவது நல்லதா, அதற்குக் கீழே உள்ள தோரோங் பேதி (Phedi) என்ற இடத்திலா?

கல்லும்முள்ளும்:
திட்டத்தில் கோளாறு அந்த ஜீப்தான். பேசிசஹர் சுமார் 760 மீட்டர், மணாங் சுமார் 3,540. ஒரே பகலில் 2,800 மீட்டர் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தால், எவ்வளவு ஓடுபவனாக இருந்தாலும் அன்று ராத்திரி தலைவலியோடுதான் விடியும். தெம்பு வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. வெள்ளியங்கிரி முழங்காலுக்குத்தான் பயிற்சி. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், ஆகவே தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் பழக வழியில்லை. அதிலும் நல்ல ஓட்டக்காரர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து: கால் ஒத்துழைப்பதால் வேகமாக ஏறிவிடுவார்கள்.

பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்பதே கணக்கு. 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஒரு ராத்திரிக்கும் அடுத்ததற்கும் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. 3, 4 நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி. உங்கள் 4ஆம் நாளைப் பாருங்கள்: யாக் கர்க்கா 4,050, ஹை கேம்ப் கிட்டத்தட்ட 4,900. ஒரே தாவலில் 850.

இப்படி மாற்றுங்கள். ஜீப் சாமே வரை மட்டும், சுமார் 2,670 மீட்டர். மறுநாள் நடந்து மேல் பிசாங், 3,300. அங்கிருந்து ஆற்றோரச் சாலையில் போகாமல் கியாரு வழியாக மேல்பாதையில் ஏறி நவாலில் தங்குங்கள், 3,660. அடுத்து மணாங்கில் இரண்டு ராத்திரி. நடுவில் வரும் நாளில் அறைக்குள் படுத்துக் கிடக்காமல், உடம்பு சரியாக இருந்தால் 4,600 மீட்டரில் உள்ள ஐஸ் லேக் பக்கம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முழுக்கப் போகவேண்டும் என்றில்லை, பாதி ஏறினாலும் பலன்தான். பிறகு யாக் கர்க்கா, தோரோங் பேதி சுமார் 4,500, மறுநாள் கணவாய். பேசிசஹரையும் சேர்த்து 9 நாள். அத்தனை லீவு கிடைக்காவிட்டால் வேறு பாதை பாருங்கள். இதைச் சுருக்காதீர்கள்.

தங்குவது பேதியில்தான். ஹை கேம்பில் படுத்தால் காலையில் 400 மீட்டர் செங்குத்து ஏற்றம் குறையும், உண்மைதான். ஆனால் அந்த 400 மீட்டருக்காக ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுக்கவேண்டும்.

மருந்துப்பெட்டி:
மாத்திரை விஷயம். டயமாக்ஸ் என்பது அசெட்டசோலமைடு. தடுப்புக்கு 125 மி.கி., காலை ஒன்று, மாலை ஒன்று. உயரம் ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கினால் போதும். அது தலைவலியை மறைக்கும் மாத்திரை அல்ல. சிறுநீரகம் வழியாக பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தைக் கொஞ்சம் அமிலமாக்குகிறது, உடம்பு தானாகவே கூடுதலாக மூச்சிழுக்கிறது. சில நாளில் உடம்பே செய்யும் வேலையை முன்கூட்டித் தொடங்கிவைக்கிறது, அவ்வளவே. விரல் நுனியும் உதடும் மரமரவென்று இருக்கும், சோடா சுவை கெட்டுப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட வேண்டாம். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். மச்சானுடைய பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் குறையும், உடம்பும் வறளும். அவர் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக்கூடாது. ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி ஏதாவது ஒன்று சேர்ந்தால் உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "வெயிலாக இருக்கும், சாப்பாடு ஒத்துக்கவில்லை" என்றெல்லாம் சமாதானம் சொல்லவேண்டாம். அன்று மேலே ஏறக்கூடாது. குறையாமல் கூடினால் இறங்கவேண்டும்.

இரண்டு அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. ஒன்று மூளை வீக்கம். தரையில் ஒரு நேர்கோட்டில், குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அப்போதே கீழே, கூட ஆளோடு, நடுராத்திரியானாலும். மற்றது நுரையீரலில் நீர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, படுத்தால் கூடும். டெக்சாமெத்தசோன், நிபெடிபின் போன்ற மருந்தெல்லாம் இறங்கும்வரை நேரம் வாங்கித் தருபவை மட்டுமே.

தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, திடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுவது அங்கே சகஜம். அதற்காகத் தூக்க மாத்திரை போடாதீர்கள். மதுவும் வேண்டாம்.

வழிப்போக்கன்84:
ரொம்ப நன்றி. லீவை நீட்டிக் கேட்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கலாமா? ஆக்சிஜன் அளவு 80 சதவீதம் காட்டினால் என்ன செய்ய?

மருந்துப்பெட்டி:
பேதி உயரத்தில் நல்ல ஆளுக்கே 80, 85 காட்டும். விரல் சில்லிட்டிருந்தால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். அக்குளில் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், நகப்பூச்சு இருக்கக்கூடாது. உங்களுக்கு 84, மச்சானுக்கு 70 என்றால் கவனிக்கவேண்டிய விஷயம். ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்று தலைவலிக்காரரை மேலே கூட்டிப்போக வேண்டாம். மணாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ நிலையம் இருக்கிறது. சீசனில் உயர நோய் பற்றி விளக்கமும் தருவார்கள், மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

குளிர்காத்து:
கணவாய் நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உச்சி 5,416 மீட்டர், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டி. பேதியிலிருந்து 900 மீட்டர் ஏற்றம், 5, 6 மணி நேரம். விடிகாலை 4 மணிக்குக் கிளம்புவது சூரியோதயம் பார்க்க அல்ல. முற்பகல் ஏற ஏறக் காற்று பிடித்துக்கொள்ளும். உறிஞ்சுகுழாய்த் தண்ணீர்ப் பையை நம்பாதீர்கள், முதல் அரை மணியிலேயே குழாய் உறைந்துவிடும். அகன்ற வாய்ப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, தலைகீழாகச் செருகுங்கள். ஐஸ் மேலிருந்துதான் பிடிக்கும், தலைகீழாக இருந்தால் மூடிப்பக்கம் உறையாது. போன், டார்ச் பேட்டரி ராத்திரி தூங்கும் பைக்குள் உங்களோடு.

அடுத்தது வானிலை. 2014 அக்டோபர் 12இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் இந்தக் கணவாய் வட்டாரத்தில் பனிப்புயலாகக் கொட்டி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே நம்மூர் ஆட்கள் எப்படியும் பார்க்கும் வங்கக்கடல் காற்றழுத்தத் தாழ்வுச் செய்தியை அங்கேயும் பாருங்கள். புயல் சின்னம் வடக்கே திரும்பினால் மணாங்கிலேயே உட்காருங்கள். இதற்கென்றே ஒருநாள் உபரி வையுங்கள்.

இறக்கம் முக்திநாத் வரை 1,600 மீட்டர். முட்டி கழன்றுவிடும், கைத்தடி இரண்டும் வேண்டும். மேல்பகுதியில் காலடிபட்டு இறுகிய பனி இருந்தால் ஷூவில் மாட்டும் முள்சங்கிலி இல்லாமல் இறங்காதீர்கள்.

வழிப்போக்கன்84:
முக்திநாத்துக்கு அம்மாவும் சித்தியும் பொக்காராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்கிறார்கள். திவ்யதேசம் என்பதால் விடமாட்டார்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்குதானா?

கல்லும்முள்ளும்:
அவர்களுக்குத்தான் முக்கியமாக. பொக்காரா 800 மீட்டர் சொச்சம், கோயில் 3,700க்கு மேல். ஒரே நாளில் போய் 108 நீர்த்தாரையிலும் பனித்தண்ணீரில் நனைந்து, அங்கேயே தங்குவதில்தான் வம்பு. ஜோம்சோம் 2,700 மீட்டர். முதல் ராத்திரி அங்கே படுக்கட்டும். மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறித் தரிசனம் முடித்து, மதியத்துக்குள் ஜோம்சோமுக்கே இறங்கிவிடட்டும். நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.