2-ல வேல்யூ 7, ஆனா லிமிட் 5ன்னு ஆன்சர் கீ-ல இருக்கு, எப்படி?

பிளஸ்ஒன்_மலர்:
யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க, நாளைக்கு யூனிட் டெஸ்ட். ஒரு பங்ஷன் மூணு துண்டா குடுத்திருக்காங்க. எக்ஸ் 2-ஐ விட சின்னதுன்னா எக்ஸ்² + 1, சரியா 2ன்னா 7, 2-ஐ விட பெருசுன்னா 3எக்ஸ் − 1. எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது லிமிட் என்ன? 2-ல 7ன்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல, அப்போ 7 தானே? கீ-ல 5ன்னு போட்டிருக்கு. அதுவும் எக்ஸ்² + 1-ல 2-ஐ போட்டு எடுக்குறாங்க, அந்த ஃபார்முலா 2-க்கு கிடையாதுன்னு கேள்வியிலேயே இருக்கே??

டியூஷன்_அண்ணா:
கீ சரிதான்மா. 2-ல என்ன இருக்குன்னு லிமிட் பாக்கவே பாக்காது, பக்கத்துல என்ன நடக்குதுன்னுதான் பாக்கும். கால்குலேட்டர்ல போட்டுப் பாரு, 1.9-க்கு 4.61, 1.99-க்கு 4.9601, 1.999-க்கு 4.996001, அந்தப் பக்கம் 2.1-க்கு 5.3, 2.01-க்கு 5.03, ரெண்டும் 5-கிட்டதான் வருது. அந்த 7 கிராஃப்ல மேல தனியா நிக்கிற ஒரு புள்ளி, அதை 700ன்னு மாத்தினாலும் லிமிட் 5தான்.

உன் ரெண்டாவது டவுட்தான் நல்ல டவுட், பாதி பேர் அதை யோசிக்காமலே போட்டுட்டுப் போயிடுவாங்க. எக்ஸ்² + 1 ஒரு பாலினாமியல், அது 2-லயும் உடையாம ஓடுது, அதனால அதோட லிமிட்டுக்கு நேரா 2-ஐ போடலாம். நம்ம பங்ஷன் 2-க்கு இடப்பக்கம் பூரா அந்தப் பாலினாமியலாவே இருக்கு, அதனால இடப்பக்க லிமிட்டும் அதேதான் வரும். 2-ஐ நம்ம பங்ஷன்ல போடல, பாலினாமியல்ல போடறோம், அவ்ளோதான்.

கணக்கு_கிறுக்கன்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு. எல்லா இடத்துலயும் இடம் வலம்னு பிரிச்சுட்டு நிக்காத. இதே பங்ஷனுக்கு 1-ல லிமிட் கேட்டா, 1-க்கு ரெண்டு பக்கமும் ஒரே துண்டுதான், நேரா 2ன்னு எழுதிடு. துண்டு மாறுற இடத்துல மட்டும் பிரி. ஆனா சில சமயம் துண்டு ஒளிஞ்சிருக்கும், மேல எக்ஸ்² − 9, கீழ |எக்ஸ் − 3|, பாக்க ஒரே ஃபார்முலா மாதிரி இருக்கும், 3-ல இடது பக்கம் −6 வரும் வலது பக்கம் 6 வரும், லிமிட்டே இல்ல. மாடுலஸையோ (அந்த | | குறி, மைனஸை எடுத்துடும்) மீப்பெரு முழு எண் சார்பையோ (எக்ஸைத் தாண்டாத பெரிய முழு எண்ணைக் குடுக்குற பங்ஷன்) பாத்தா உஷாராயிடு.

பிளஸ்ஒன்_மலர்:
ஓ புரியுது. அப்போ 7-க்கு பதிலா கே-ன்னு போட்டு, லிமிட் இருக்கணும்னா கே என்னன்னு கேட்டா?

டியூஷன்_அண்ணா:
கே எதுவா இருந்தாலும் லிமிட் இருக்கும். தொடர்ச்சியா, அதாவது 2-ல கிராஃப் உடையாம இருக்கணும்னு கேட்டா மட்டும் கே = 5. ரெண்டையும் குழப்பத்தான் அப்படிக் கேப்பாங்க.

பாரிஸ்_தமிழன்:
கொஞ்சம் சைடுல ஒரு விஷயம். எங்க ஊர்ல என் பையன் படிக்கிற லிமிட் டெஃபனிஷன்ல அந்தப் புள்ளியையும் சேத்துப்பாங்க, பிரான்ஸ்ல அதுதான் வழக்கம். அதுப்படி பாத்தா இந்தக் கணக்குல லிமிட்டே கிடையாது, ஏன்னா 2-ல 7 குறுக்க நிக்குது. 5ன்னு வரணும்னா எக்ஸ் ≠ 2ன்னு லிமிட்டுக்கு கீழ தனியா எழுதணும். உங்க டெஃபனிஷன்ல 0 < |எக்ஸ் − 2|ன்னு வருதுல்ல, அந்த 0-ஐ விட பெருசுங்கிறதுதான் 2-ஐ வெளிய தள்ளுது.

பிளஸ்ஒன்_மலர்:
ஐயோ அண்ணா, நான் நாளைக்கு 5 தானே எழுதணும்??

டியூஷன்_அண்ணா:
5 தான்மா 😄 இடப்பக்கம் வலப்பக்கம் ரெண்டையும் தனித்தனியா போட்டுக் காட்டு, ஸ்டெப் மார்க் அங்கதான் இருக்கு.