உக்ரைன் போர்: சீனாவோட 12 அம்ச அறிக்கை நடுநிலையா, ரஷ்யா பக்கமா?

வைகைக்கரை:
2023 பிப்ரவரி 24, போர் ஆரம்பிச்சு சரியா ஒரு வருஷம் ஆன அன்னிக்கு சீனா விட்ட அறிக்கையை நேத்து முழுசா உக்காந்து படிச்சேன். எல்லாரும் சீனாவை ரஷ்யாவோட கையாள்னு திட்டுறாங்க, ஆனா அதுல முதல் பாயின்ட்டே எல்லா நாட்டோட இறையாண்மையையும் மதிக்கணும்ங்கிறதுதான், அணு ஆயுதத்தை வச்சு மிரட்டக்கூட கூடாதுன்னு எட்டாவதுல இருக்கு, தானிய ஏற்றுமதி, அணுமின் நிலையப் பாதுகாப்பு எல்லாம் இருக்கு. வேற என்னதான் சொல்லணும்?

உப்புக்காத்து:
அந்த அறிக்கையோட தலைப்பைப் பாருங்க ப்ரோ, "உக்ரைன் நெருக்கடி"ன்னு இருக்கு. யார் எல்லை தாண்டி வந்தாங்கன்னு ஒரு வரி கிடையாது, ரஷ்யப் படை வெளிய போகணும்னு 12 பாயின்ட்ல எங்கயுமே கிடையாது. வீட்டுக்குள்ள பூந்தவனை வெளிய போன்னு சொல்லாம ரெண்டு பேரும் சண்டை போடாதீங்கன்னா அது பஞ்சாயத்தா? அதுக்கு முந்தின நாள்தான் ஐநா பொதுச்சபைல ரஷ்யா வெளியேறணும்னு 141 நாடு ஓட்டு போட்டுச்சு, சீனா ஒதுங்கிடுச்சு.

வைகைக்கரை:
இந்தியாவும் சேர்த்து 32 நாடு ஒதுங்குச்சே. ரெண்டு பக்கமும் பேச ஒரு ஆள் வேணும்ல? அடுத்த மாசமே சவுதியையும் ஈரானையும் பெய்ஜிங்ல உக்கார வச்சு கைகுலுக்க வச்சாங்க.

தறிமேடை:
அது வேற கதை அண்ணே. அவங்க ரெண்டு பேரும் முன்னாடியே ஈராக்லயும் ஓமன்லயும் பல ரவுண்டு பேசி களைச்சுப்போய் வந்தவங்க. இங்க சீன அதிபர் ஷி ஜின்பிங் 2023 மார்ச்ல மாஸ்கோவுக்கு நேர்ல போனாரு, உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கிக்கு முதல் போன் ஏப்ரல் 26ல தான், போர் தொடங்கி 14 மாசம் கழிச்சு.

வைகைக்கரை:
போன் லேட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா 2022 நவம்பர்ல ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் பெய்ஜிங் வந்தப்ப அணு ஆயுதம் கூடாதுன்னு ஷி வெளிப்படையா சொன்னாரே, அதையே வாஷிங்டன் சொன்னா புதின் காதுல ஏறுமா? 2024 ஜூன்ல சுவிஸ்ல சமாதான மாநாடுன்னு கூட்டுனாங்க, ரஷ்யாவைக் கூப்பிடல, சீனாவும் போகல. எதிராளி இல்லாம என்ன சமாதானம்?

உப்புக்காத்து:
என் சித்தப்பா பையன் கார்கிவ்ல மெடிக்கல் படிச்சவன். குண்டு விழ ஆரம்பிச்சதும் மெட்ரோ ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல ஒரு பெட்ஷீட்டும் பிஸ்கட் பாக்கெட்டுமா நாள்கணக்கா கிடந்தான், பக்கத்துல ஒரு பாட்டி பூனையை மடியில வச்சுக்கிட்டு பேசாமலே இருந்துச்சாம். அந்தப் பாட்டிக்கு இது நெருக்கடி இல்ல, போர். 2023ல ரஷ்யா சீனா வியாபாரம் 24,000 கோடி டாலர், அதுல கால்வாசிய நிறுத்துவோம்னு ஒரு பேச்சு விட்டிருந்தா போதும்.

வைகைக்கரை:
நிறுத்துனா ரஷ்யா சீனா சொல்றதையும் கேக்காது, அதுக்கப்புறம் பேசறதுக்கு யாருமே இருக்கமாட்டாங்க. உங்க தம்பி பட்டதை நான் சின்னதா நினைக்கல.

உப்புக்காத்து:
சரி, ஒண்ணே ஒண்ணு. 1994 டிசம்பர்ல, உக்ரைன் அணு ஆயுதத்தை விட்டுக்கொடுத்த சமயத்துல, சீனாவும் தனியா பாதுகாப்பு உறுதி எழுதிக் கொடுத்துச்சு. அதைப் பத்தி அந்த அறிக்கைல ஒரு வார்த்தை இருக்கா?

வைகைக்கரை:
இப்பத்தான் திரும்ப பார்த்தேன். இல்ல.