புதுப்பிப்பு: 2 வருடமாகப் பூக்காத டேலில்லி இப்போது பூத்துவிட்டது

டேலில்லி இலை மட்டும் மண்டிக்கொண்டு வருகிறது, பூவே இல்லை என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

உரத்தை மாற்றச் சொன்னதைத்தான் முதலில் செய்தேன். தழைச்சத்தைக் குறைத்தும் ஒரு மொட்டுகூட வரவில்லை. பலன் கொடுத்தது, "தூரைப் பிரித்து வெயிலில் நடுங்கள்" என்ற யோசனை. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: வேர்கள் பின்னிப் பிணைந்து, நடுவில் இருந்த குருத்துகள் சூம்பிப்போயிருந்தன. தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவி, 2, 3 குருத்தாகப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டினேன். இலையும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் நட்டேன். 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம்.

இந்தப் பருவத்தில் 5 தூரில் 4 பூத்தன. ஒரு பூ ஒரு நாள்தான். ஆனால் ஒரே தண்டில் மொட்டுகள் அடுத்தடுத்து விரிவதால் வாரக்கணக்கில் பூ இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: பூ முடிந்த தண்டின் கணுவில் குட்டிச் செடி முளைத்திருக்கிறது, அடியில் வெள்ளை வேர் முனைகளோடு. தண்டோடு வெட்டி ஈர மண்ணில் வைத்தேன், பிடித்துக்கொண்டது. விதையில் வரும் செடி போல மாறாது, தாய்ச்செடியின் அதே பூதான் பூக்கும். அதனால் பூ முடிந்ததும் தண்டை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.